எந்தப் பூட்டு முதலில்

இன்னும் கதவு திறக்கவில்லை. இரண்டு இருபதுக்கு வரச் சொன்னார்கள், இப்போது இரண்டு இருபத்தாறு, ‘தாமிரபரணி’ என்று பெயர் மாட்டிய அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விற்பனைப் பிரிவு ஆட்கள் எதற்கோ கைதட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தளத்தில் ஐந்து மீட்டிங் அறைகள், ஐந்துக்கும் ஆற்றின் பெயர், நான்கு ஆறுகளில் ஏசி ரிப்பேர். எண்பது பேருக்கு இந்த ஒன்றுதான். உள்ளே போனவர்கள் வேலை பார்க்கிறார்களா, பஜ்ஜி தின்கிறார்களா என்று கேட்க முடியாது, அவர்களாக வெளியே வரும்வரை மற்றவர்கள் சோபாவில் காத்திருக்க வேண்டும், இதே அக்கிரமத்தைத்தான் நான் இரண்டு வருஷம் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு இயந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து பிடுங்கி எறிந்தேன், இப்போது அதற்குத் தண்டனையாக இந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச் சோபாவில் செல்வின். செல்வின் ஞானராஜ், ஒப்பந்த ஊழியன், முப்பத்துநாலு வயது, மடியில் லேப்டாப்கூட இல்லை, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நேரில் ‘நீங்க’ என்றுதான் பேசுவேன், மனசுக்குள் நேற்றிலிருந்து ‘அவன்’ ஆகிவிட்டான். கதவு திறந்ததும் நான் உள்ளே போய், ஃபைலில் விதி எழுதியிருக்கிறது, அவன் அதை மீறினான் என்று ஒரு வார்த்தை சொல்லி, மேனேஜர் பத்ரிநாத் நீட்டும் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மணிக்கு அவன் அடையாள அட்டையைக் கீழே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். சொல்லத்தான் போகிறேன். உண்மையைச் சொல்வதற்கு எனக்கு என்ன பயம்.

உண்மைதானே. எழுதியிருக்கிறது. எங்கள் இயந்திரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் மேஜை மேல் இருப்பது, இருபத்துநாலு கட்டிலின் இதயத்துடிப்பும் ஒரே திரையில் ஓடும், எங்காவது ஒன்று தடுமாறினால் அலாரம் அடிக்க வேண்டும். உள்ளே எட்டு ப்ராசஸர். எட்டு பேர் சமைக்கிற அடுப்படியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம் என்றால் எட்டு பேர் எதற்கு? பழைய கெர்னல் அப்படித்தான் இருந்தது. எல்லா வேலையையும் அடியிலிருந்து பங்கிட்டுக் கொடுக்கிற அந்த நிரல் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பூட்டு, அதை எவன் வாங்கினாலும் மற்ற ஏழு பேரும் வாசலில் நிற்க வேண்டும். கீழே ஒரு கிளார்க் டிஸ்சார்ஜ் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்தால், அந்தப் பிரிண்டர் பூட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத் துப்பி முடிக்கும்வரை பதினேழாம் கட்டிலின் அலாரம் காத்திருக்கும். நாலு விநாடி. நானே ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். ஒரு காகிதத்துக்காக ஒரு இதயம் நாலு விநாடி வரிசையில் நிற்பதா என்று மீட்டிங்கில் கத்தினேன், பத்ரிநாத் சிரித்தார், “ஏ.கே., இவ்ளோ எமோஷனலா ஆவாதீங்க” என்றார். அங்கயற்கண்ணி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்ல வாய் வலிக்கும் என்று பதினோரு வருஷமாக ஏ.கே. பெரிய பூட்டைக் கழற்றி, கட்டில் பட்டியலுக்கு ஒன்று, அலாரம் வரிசைக்கு ஒன்று, பிரிண்டருக்குத் தனியாக ஒன்று என்று நூற்றுப்பத்து சின்னப் பூட்டுகளாகப் பிரித்தேன், நாலு விநாடி போய் அலாரம் கண்ணிமைப்பதற்குள் அடித்தது, டெமோ முடிந்ததும் கேக் வெட்டினார்கள், கேக்கிலும் ஏ.கே.தான். போன செவ்வாய்க்கிழமை திருச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வைத்த இயந்திரம் நின்றுபோனது. பதினோரு நிமிஷம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பத்ரிநாத் மூன்று தடவை சொன்னார், போனில் அந்த நர்ஸ், சிஸ்டர் பரிமளா, சொன்னதை அவர் கேட்கவில்லை. “ஸ்கிரீன் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். ஒன்பதாம் பெட்டு எழுபத்தெட்டு. தண்ணி குடிச்சிட்டு வந்து பாக்குறேன், எழுபத்தெட்டு. மறுபடி பாக்குறேன், எழுபத்தெட்டு. மனுஷனுக்கு அப்படி அசையாமயா இருக்கும்? அப்பதான் ஓடுனேன். ஒவ்வொரு பெட்டா தொட்டுப் பாத்துட்டு வந்து பிளக்கப் புடுங்கிவிட்டேன்.” இருபத்துநாலு கட்டிலையும் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நான் போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இவனால்தான். எதிரில் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இவனால். நோயாளியை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு மாற்றுகிற பகுதியை இவன்தான் எழுதினான். அதற்குக் கட்டில் பட்டியலின் பூட்டும் வேண்டும், அலாரம் வரிசையின் பூட்டும் வேண்டும். இரண்டு பூட்டு வேண்டும் என்றால் எதை முதலில் எடுப்பது என்பதற்கு வரிசை உண்டு, எல்லோரும் அதே வரிசையில்தான் எடுக்க வேண்டும், இவன் தலைகீழாக எடுத்தான். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ஆறாம் கட்டில்காரரைப் பதினாலுக்கு மாற்றிய அதே நொடியில் இன்னொரு கட்டிலில் அலாரம் வந்தது. இவனுடைய வேலை கட்டில் பூட்டைப் பிடித்துக்கொண்டு அலாரம் பூட்டுக்கு நிற்கிறது, அலாரம் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு கட்டில் பூட்டுக்கு நிற்கிறது, நீ விடு, நீ விடு, யாரும் விடவில்லை, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு. பதிவுக் கோப்பைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் நான் கண்டுபிடித்துவிட்டேன். நேற்று இவனைக் கூப்பிட்டு நாற்பது பேர் முன்னால் கேட்டேன். “யாரும் சொல்லலையே மேடம்” என்றான். “யாரு வந்து சொல்லணும்? ஃபைல் மேலயே எழுதியிருக்கு. படிக்கத் தெரியாதா?” என்றேன். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். எனக்கு அந்த மூடிக்கொண்டதுதான் இன்னும் எரிச்சல். பதில் இருந்தால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டும் இல்லாமல் ஒரு முழுங்கு. இவனை நேர்முகத்தில் தேர்ந்தெடுத்ததே நான்தான். முன்பு இருந்த கம்பெனி மூடிவிட்டது, எட்டு மாதம் சும்மா இருந்தேன் என்று மறைக்காமல் சொன்னான், அந்த நேர்மைக்காகவே எடுத்தேன். நாலே மாதத்தில் என் இரண்டு வருஷத்துக்கு உலை வைத்துவிட்டான். காலையில் பத்ரிநாத் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: “சிம்பிளா பாருங்க ஏ.கே. டிசைன் தப்பா, ஆள் தப்பா? ரிப்போர்ட்ல ரெண்டுல ஒண்ணு எழுதணும். டிசைன்னு எழுதினா பழைய லாக்கையே திரும்பப் போடச் சொல்லிடுவாங்க. ஆள்னு எழுதினா, ஒரு ஆளோட போயிடும்.” ஒரு ஆளோடு. அவ்வளவுதான்.

யாரும் சொல்லலையே. இதை வேறு யாரோ இதே மாதிரி, கடைசி எழுத்தை இழுத்து, சொல்லிக் கேட்டிருக்கிறேன், நேற்று இரவிலிருந்து பிடிபடாமல் நகக்கண்ணில் ஏறிய சிலாம்பு மாதிரி உறுத்துகிறது. அம்மா. செல்லூர் காம்பவுண்டு. பதினொரு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ், அதற்கு ஒரே சாவி, வாசல் நிலையில் ஆணியில் தொங்கும். காம்பவுண்டு வாழ்க்கையைப் பற்றி இப்போது ஆபீஸில் சிலபேர் எவ்வளவு ஒற்றுமை, எவ்வளவு பாசம் என்று உருகுகிறார்கள், அவர்கள் யாரும் ஏழு வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இல்லை. ஆணியில் சாவி இல்லையென்றால் யாரோ உள்ளே. உள்ளேதான் இருக்கிறார்களா என்பதும் தெரியாது, மில்லுக்குப் போகும் அவசரத்தில் ஒருத்தர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார் ஒருநாள், பதினொரு குடும்பமும் சாயங்காலம்வரை அவரைத் திட்டிக்கொண்டே கிடந்தது. சாவி ஒன்று, குழாயடியில் தகர வாளியும் ஒன்றுதான். இரண்டும் இருந்தால்தான் போக முடியும். நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள் காலை அம்மா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆணிக்கு வந்தாள், சாவி இல்லை, கக்கூஸ் வாசலில் சௌந்தரம் அக்கா சாவியை வைத்துக்கொண்டு வாளியைத் தேடிக்கொண்டு நிற்கிறாள். அக்கா சாவியைத் தர மாட்டாள், அம்மா வாளியைத் தர மாட்டாள், நான் நடுவில் நெளிகிறேன். “இந்தா பாரும்மா, சாவிய எடுத்துட்டுத்தான் வாளியத் தொடணும், இங்க ஒரு மொற இருக்குல்ல, இதுகூடத் தெரியாம எங்கேர்ந்து வந்தீக?” என்று அக்கா சத்தம்போட, பத்து வாசலிலும் தலைகள். அம்மா “யாரும் சொல்லலையே” என்றாள். சின்னக் குரலில். சொல்லவில்லைதான், குடிவந்த அன்றைக்கு வாடகையையும் கரண்டையும் பற்றிச் சொன்னார்கள், இதை யாரும் சொல்லவில்லை, பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது மாதிரி நினைத்துக்கொண்டார்கள். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் பாவாடையிலேயே போய்விட்டேன், அதையும் பத்துத் தலைகள் பார்த்தன. இன்றைக்கும் சௌந்தரம் அக்காவை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. ஆனால் அது வேறு, இது வேறு. அங்கே எதுவும் எழுதிவைக்கவில்லை. இங்கே எழுதியிருக்கிறது.

இரண்டு நாற்பது. உள்ளே இன்னும் சிரிப்பு, அடப்பாவிகளா, என்னதான் விற்கிறீர்கள். செல்வின் எழுந்து தண்ணீர் கேன் பக்கம் போகிறான், ஒரு டம்ளர் பிடிக்கிறான், குடிக்காமல் கொண்டுவந்து என் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு மறுபடி தன் இடத்தில் உட்காருகிறான். இந்த மாதிரி வேலைதான் எனக்கு ஆகாது. வேலையில் கவனம் இருக்க வேண்டும், டம்ளரில் அல்ல. சட்டைப்பையில் ஏதோ காகிதத்தை நாலாக மடித்து வைத்திருக்கிறான், குனிந்தபோது எட்டிப்பார்த்தது. ராஜினாமாக் கடிதமாக இருக்கும். ஃபைல் மேலேயே எழுதியிருக்கிறது, முதலில் அது, பிறகு இது என்று நானே எழுதினேன். முதலில் எது? முதலில் அலாரம், பிறகு கட்டில். அலாரம்தானே அவசரம், அதுதான் முதலில். ஆமாம், அப்படித்தான் மாற்றினோம். மாற்றினோம். அப்படியென்றால் அதற்கு முன்னால்? முதலில் கட்டில், பிறகு அலாரம் என்றிருந்தது, டெமோவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேகம் போதவில்லை என்று நான்தான் திருப்பினேன். நாற்பத்தொரு இடம், ஒவ்வொன்றாகத் திருப்பினேன், சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின, கீழே டீக்கடைக்குப் போனோம், நாலு பேர், மழைக்குக் கடைக்காரர் தார்ப்பாய் இழுத்துவிட்டிருந்தார், இஞ்சி தூக்கலாக இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு “இனிமே அலாரம் முதல்ல, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும்” என்றேன், நாலு பேரும் தலையாட்டினார்கள். டீக்கடையில். வாயால். அப்போது செல்வின் கம்பெனியிலேயே இல்லை. அதனால் என்ன, மேலே போய் ஃபைலிலும் திருத்தியிருப்பேன். திருத்தாமல் இருப்பேனா. அடுத்தவன் தன் நிரலுக்கு மேலே விளக்கம் எழுதவில்லையென்றால் நாலு பக்கத்துக்கு மெயில் போடுகிறவள் நான்.

லேப்டாப் மடியில்தான் இருக்கிறது. திறந்தால் அரை நிமிஷம். திறக்க வேண்டியதில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்த விஷயத்தை யாராவது திறந்து பார்ப்பார்களா. அன்றைக்கு டீ முடிந்து மேலே வந்தபோது மணி ஆறரை, பத்ரிநாத் டெமோ மெஷினை வண்டியில் ஏற்றச் சொல்லி நின்றார், நான் ஸ்க்ரூட்ரைவரைத் தேடினேன், பிறகு வண்டி, பிறகு சனி, ஞாயிறு டெமோ, திங்கள் கேக். கேக்குக்குப் பிறகு திருத்தியிருப்பேன். கேக்குக்குப் பிறகு என்ன செய்தேன் என்பது மட்டும் கண்ணுக்குள் வரவில்லை. சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் இவன் எழுதியதை அனுமதித்தது யார்? ஒருவர் பார்த்துச் சரி என்று போட்டால்தானே எதுவும் உள்ளே போகும். நான்தான். ஷேர் ஆட்டோவில் போனில் பார்த்தேன், முந்நூறு வரி, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, மத்திய கைலாஷ் சிக்னலில் ‘சரி’யை அழுத்தினேன். தலைகீழ் வரிசை என் கண்ணில் ஏன் படவில்லை? பழைய வரிசை என்பதால் கண்ணுக்குப் பழகிப்போய்... வேண்டாம். கோபம் வருகிறது, யார் மேல் என்றே தெரியாமல் வருகிறது, அந்த டம்ளர் மேல் வருகிறது, ஏசி மெக்கானிக் மேல் வருகிறது. அவன் ஏன் பேச மாட்டேன் என்கிறான்? தப்பு அவனுடையது என்றால் ஒப்புக்கொள்ளட்டும் என்று நேற்றிலிருந்து நான் காத்திருக்கிறேன். அவனும் எதற்கோ காத்திருக்கிற மாதிரிதான் என்னைப் பார்க்கிறான். திறந்தேன். ஃபைலின் முதல் பக்கம், ஆறாவது வரி. பூட்டு வரிசை: முதலில் கட்டில் பட்டியல், பிறகு அலாரம் வரிசை. இந்த வரிசையை யாரும் எக்காரணம் கொண்டும் மீறக் கூடாது. கீழே பெயர், அங்கயற்கண்ணி, முழுசாக, நானே அடித்தது.

எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் படித்து, எழுதியிருந்தபடியே செய்திருக்கிறான். நாற்பது பேர் முன்னால் நான் சௌந்தரம் அக்காவாக நின்று கத்தியிருக்கிறேன், அவளாவது தெரியாதவளைத் திட்டினாள், நான் சொன்னபடி செய்தவனைத் திட்டினேன். வெட்கம் கெட்டவளே என்று என்னையே கெட்ட வார்த்தையில் வைய வேண்டும் போலிருந்தது, வைதேன், மனசுக்குள், செல்லூர்ப் பாஷையில், ஒன்றும் குறைவைக்காமல். அதற்குள்ளேயே இன்னொரு குரல், என்னுடையதுதான், கணக்காகச் சொல்கிறது: அந்த வரியை இப்போதே திருத்திவிடு, யாருக்குத் தெரியும். தேதி பதிவாகும். பதிவானால் என்ன, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். ஒப்புக்கொண்டால் உன் டிசைனைத் தூக்கிவிடுவார்கள், பெரிய பூட்டு திரும்ப வரும், பிரிண்டர் முடியும்வரை மறுபடி அந்த நாலு விநாடி, அது நியாயமா, இருபத்துநாலு பேரைவிட இந்த ஒருவன் பெரியவனா. எவ்வளவு நன்றாகப் பேசுகிறது அந்தக் குரல். பத்ரிநாத்தின் குரலைவிட மோசம், இதற்கு அழத் தெரிகிறது.

“செல்வின், பாக்கெட்ல என்ன பேப்பர்?” என்றேன். அவன் உடனே எடுத்துத் தரவில்லை. கையை மட்டும் பைமேல் வைத்தான். “சும்மா மேடம்.” “குடுங்க.” பிரித்தேன். அதே முதல் பக்கம், பிரிண்ட் எடுத்தது, ஆறாவது வரியில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. பிரிண்ட் எடுத்த தேதி போன புதன், மெஷின் நின்றுபோனதற்கு மறுநாள். “அன்னைக்கே எடுத்துட்டீங்களா?” “ஆமா மேடம்.” “நேத்து நான் அவ்வளவு கத்தினேனே, இதக் காட்டியிருக்கலாம்ல?” “எல்லாரும் நின்னாங்க. எப்படிக் காட்ட?” என்றான், தூத்துக்குடிக் குரல் சற்று வெளியே வந்தது. “நீங்களே பாப்பீங்கன்னு இருந்தேன் மேடம். பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சுரும்லா.” “பாக்கலேன்னா?” அவன் கதவைப் பார்த்தான். “தெரியல. உள்ள போனப்புறம் காட்டணுமா வேண்டாமான்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன்.” எனக்கு அவன்மேல் மறுபடி கோபம் வந்தது, இவ்வளவு பொறுமை ஒரு மனுஷனுக்கு ஆகாது, கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான். நான் இவன் வாயைத் திறக்கட்டும் என்றிருந்தேன், இவன் நான் ஃபைலைத் திறக்கட்டும் என்றிருந்தான், நேற்றிலிருந்து இரண்டு பேரும் அப்படியே நின்றிருக்கிறோம். எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு.

கதவு திறந்தது. விற்பனை ஆட்கள் காகிதத் தட்டுகளோடு வெளியே வந்தார்கள், பஜ்ஜியேதான். இன்னொரு பக்கமாக வந்த பத்ரிநாத் உள்ளே நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “வாங்க ஏ.கே. செல்வின் வெளியே இருக்கட்டும், நாம முடிச்சிட்டுக் கூப்பிடலாம்” என்றார். “அவரும் வர்றார் சார்,” என்றேன். செல்வின் எழுந்தான், நானும் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தேன். அறைக்குள் எண்ணெய் வாடை. மேஜைமேல் அறிக்கை, என் கையெழுத்துக்கு இடம்விட்டு, பக்கத்தில் பேனாவையும் மூடி கழற்றித் தயாராக வைத்திருந்தார். அவன் பெயரை முழுசாக எழுதியிருந்தார்கள், செல்வின் ஞானராஜ், ஒரு எழுத்துப் பிழை இல்லை. பென்சில் கோடு போட்ட பக்கத்தை அதன்மேல் வைத்தேன். பத்ரிநாத் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார், செல்வினைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்து, குரலை இறக்கி, “இதை இப்ப எதுக்குங்க வெளியே எடுக்கறீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. டிசைன் தப்பா, ஆள் தப்பா?” என்றார்.

“ஆள் தப்புதான் சார்,” என்றேன். “பேரை மட்டும் மாத்துங்க. ஏ.கே.ன்னு போட வேண்டாம், முழுசாப் போடுங்க.”